கணவருக்குச் சவரம் செய்த மழைக்காலம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஜூன் மாதத்தில், என் கணவருக்கு இரண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்தில் உடைந்தன. ஆரியசாலையில் கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். பழவங்காடி முக்கில் ஓர் ஆட்டோ சட்டென்று குறுக்கே திரும்ப, ஈரச் சாலையில் பிரேக் பிடித்திருக்கிறார். முன்னால் போய் விழும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றிவிட்டார். தலைக்கு ஒன்றுமில்லை, காலுக்கு ஒன்றுமில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல் வரைக்கும் இரண்டு கையிலும் மாவுக்கட்டு. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது, "கடைச் சாவி சட்டைப் பையில இருக்கு, எடுத்துக்கோ."

கயிறு, பாய், சாக்கு மொத்த வியாபாரம் எங்களுக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் இந்த மலையாள ஊருக்கு வந்து சேர்ந்த கடை. கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்வதென்று ஆனது. எங்கள் மகள் அப்போது நாகர்கோவிலில் என் அண்ணன் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆக, கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சோறு ஊட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் அவர் எப்படியோ பழகிக்கொண்டார். வேட்டி கட்டிவிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் ஒன்றும் பேசமாட்டேன். கல்யாணமாகிப் பத்தொன்பது இருபது வருடம் ஆகியிருந்தும், பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் அருகருகே நின்றதில்லை. காலையில் கடைக்குப் போவார், இரவில் வருவார், சாப்பிட்டுப் படுப்பார். அதற்குள் பேச வேண்டியதைப் பேசிக்கொள்வோம்.

தாடிதான் அவரைப் படுத்தியது. தினமும் கடைக்குப் போகுமுன் மழுமழுவென்று சவரம் செய்துகொள்கிற மனிதர். ஒரு வாரத்தில் கழுத்தெல்லாம் வியர்க்குரு. சொறிந்துகொள்ளக் கை இல்லை. கதவு நிலையில் தாடையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் சமையலறையிலிருந்து வரும்போது அதைப் பார்த்துவிட்டேன். அவர் நிறுத்திக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி திரும்பிப் போனேன்.

"சலூனுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றேன் மறுநாள்.

போனார். ஒரு மணி நேரத்தில் பாதி முகத்தோடு திரும்பி வந்தார். இடது பக்கம் மழித்திருந்தது, வலது பக்கம் தாடி அப்படியே இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாப்பிடும்போதுதான் சொன்னார். சலூனில் கடைத்தெரு ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். எப்படி விழுந்தீர்கள், எந்தக் கை முதலில் என்று ஆளாளுக்கு விசாரிப்பு. பாதிச் சவரத்தில் இவருக்குத் தும்மல் வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக் கை இல்லை. சவரம் செய்துகொண்டிருந்தவர் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டிருக்கிறார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் கண்ணாடியில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்து வந்துட்டேன்" என்றார். "இனி அங்க போகல்ல. வளரட்டும், சாரமில்ல, பரவால்ல."

பாதித் தாடியை எப்படி வளரவிடுவது? நானே செய்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் வழக்கமாக உபயோகித்தது பிளாஸ்டிக் பிடி போட்ட, தூக்கி எறிகிற ரேஸர். அதை வைத்து வலது கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்தேன். ஒரு வாரத் தாடி அதில் போய் அடைத்துக்கொண்டது. மூன்றாவது இழுப்பில் முடியை வெட்டாமல் பிடுங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் தையல் மிஷின் டிராயரில் கிடந்த என் அப்பாவின் ரேஸர் நினைவுக்கு வந்தது.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது வாங்கியது அது. அவர் போனபிறகு அண்ணன்மார் சாமான்களைப் பிரித்தபோது, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வாயில் வந்தது அதுதான். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பித்தளையில் செய்து மேலே முலாம் பூசியது. முலாம் தேய்ந்து பிடியில் மஞ்சள் தெரியும். பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்று வரும்: மேலே வளைந்த ஒரு மூடி, கீழே சீப்புப் பல் வைத்த தட்டு, அப்புறம் பிடி. மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கூரான பிளேடை வைத்து முறுக்க வேண்டும். பிளேடு வாங்கப் போக வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நான் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். தையல் பிரிக்க பிளேடைப் பாதியாக உடைத்து உபயோகிப்பது வழக்கம். டிராயரில் எப்போதும் புது பிளேடு இருக்கும்.

ரேஸரைக் கையில் எடுத்தபோது அதன் கனம் எனக்குப் பிடித்திருந்தது. தைரியம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் ரேஸரை அழுத்துகிற மாதிரியே அதையும் கன்னத்தில் வைத்து அழுத்தி இழுத்தேன். முடி போனது, கூடவே தோலும் போனது. தாடையில் ஒன்று, கழுத்தில் இரண்டு, உதட்டுக்குக் கீழே ஒன்று என்று சிவப்பாகப் பூக்கத் தொடங்கிவிட்டது. படிகாரத்தை வைத்துத் தேய்த்தேன். காகிதத் துண்டுகளைக் கிழித்து ஒட்டினேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மதி" என்றார் கடைசியில், மெதுவாக. போதும் என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. "விட்டுரு. உன்னால முடிஞ்சதைச் செஞ்சே."

அந்தப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது. முற்றத்துக் குழாயில் ரேஸரைக் கழுவிக்கொண்டு நின்றேன். மாடி வீட்டில் குடியிருந்த நர்ஸ் இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்தாள். என் வயதுதான் இருக்கும், கோட்டயம் பக்கத்துக்காரி. ஜன்னல் வழியே உள்ளே பார்த்தவள் குடையை மடக்கக்கூட மறந்து நின்றுவிட்டாள்.

"அய்யோ சேச்சீ, சேட்டனைப் பூச்ச மாந்தியதோ?" பூனை பிராண்டிவிட்டதா என்று கேட்கிறாள்.

"நான்தான் மாந்தினேன்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவள் என் கையிலிருந்து ரேஸரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நல்ல சாதனமாணு. எங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு முன்னால இதுபோல உள்ளதுதான். தினம் எத்தற பேருக்குச் செய்திருக்கு நான்! சேச்சி அமர்த்தி அழுத்தினீங்க, அல்லே? அமர்த்தவே கூடாது. இதின்ற வெயிட் மதி. கை சும்மா பிடிச்சா மதி, அது தன்னால இறங்கும்."

"எப்படி நிக்கணும், எப்படிப் பிடிக்கணும், எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நாளைக்குச் சொல்லித்தரேன், கேட்டோ. இன்னைக்கு சேட்டனை விடுங்க, பாவம்."

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவள் கையில் ஒரு மஞ்சள் பலூன். அவள் மகள் பிறந்தநாளில் மிஞ்சியது. ஊதி முடிச்சுப் போட்டு, சோப்பு நுரையை பிரஷால் அதன்மேல் அப்பி, என் கையில் கொடுத்தாள். நர்ஸிங் படிக்கும்போது அவர்களுக்கு இதுதான் முதல் பாடமாம். பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும்.

"இது வழிச்சு முடிச்சா சேட்டன் முகத்தில தொடலாம். இல்லெங்கில் வேண்டா."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்த தடம். பிடியைத் தரைக்கு இணையாக வைத்து, மூடியை மட்டும் பலூனில் தொடவைக்கச் சொன்னாள். பிறகு பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். எந்த இடத்தில் பிளேடு நுரையைத் தொடுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே போனால் மூடி மட்டும் வழுக்கும், கீழே போனால் பிளேடு குத்தும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஓர் அங்குலம் நுரை சுத்தமாக வழிந்து வந்தது. மஞ்சள் பளபளத்தது. இன்னொன்று, இன்னொன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

பலூன் வெடித்தது. நுரை முழுக்க என் முகத்திலும் மூக்குக் கண்ணாடியிலும். நர்ஸ் இரண்டடி பின்னால் குதித்தாள். பிறகு என் கணவர் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிறு குலுங்க, மாவுக்கட்டுக் கைகள் இரண்டும் மடியில் ஒன்றோடொன்று மோத, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் போய் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். அவர் அதற்குச் சுவரைப் பார்க்கவில்லை.

"என் முகத்தை விட பலூனுக்குத் தைரியம் குறைச்சல்" என்றார் நர்ஸிடம்.

இன்னும் இரண்டு பலூன் கொடுத்துவிட்டுப் போனாள் அவள். ஒன்று உடைந்தது, ஒன்று பிழைத்தது.

ஆனால் பலூனில் முடி கிடையாது. உண்மையான சிக்கல் அவர் தாடியில்தான் இருந்தது. காயங்கள் ஆறட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த நேரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வெல்வெட் ரவிக்கை தைக்க வந்திருந்தது. வெல்வெட் துணியைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழவென்று போகும், எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் நிமிர்ந்து கையை எதிர்க்கும். வெட்டுமுன் எல்லாத் துண்டிலும் அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டுக்கொள்வேன். குறி போட்டுக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. எழுந்து போய், பேப்பரைத் தரையில் விரித்துக் குனிந்து படித்துக்கொண்டிருந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.

"என்ன?" என்றார் திடுக்கிட்டு.

"உங்க தாடி எந்தப் பக்கம் வளருதுன்னு பாக்குதேன்."

"எல்லாருக்கும் கீழ்ப்பக்கம்தான்."

அப்படி இல்லை. கன்னத்தில் கீழ்நோக்கி வளர்ந்தது. தாடை எலும்புக்குக் கீழே காதுப் பக்கமாகச் சாய்ந்தது. கழுத்தின் இடதுபக்கம் மேல்நோக்கி வளர்ந்தது, வலதுபக்கம் ஒரு சுழி. முப்பது வருடமாகத் தினமும் மழிக்கிற முகம், அவருக்கே அது தெரியவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் நுனியால் ஒவ்வொரு இடமாகத் தடவிச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்புக்குறி போட முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சவரம் அன்று சாயங்காலமே நடந்தது. வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு ஊறவைத்தேன். பிரஷை வட்டமாகச் சுழற்றி நுரை வைத்தேன். இடது கையால் தோலைக் காதுப்பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்து, முடி சாயும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக இழுத்தேன். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேஸரைத் திருப்பிக்கொண்டால் மறுபக்கத்துக் கூர் கிடைக்கும், பிறகு மக்கில் அலசினால் போதும். ஒழுங்கான கோணத்தில் வெட்டும்போது ஒரு சத்தம் வந்தது. பச்சைப் புல்லைப் பசு கடிப்பது மாதிரி. கோணம் தப்பினால் சத்தம் நின்றுவிடும். கண்ணை விடக் காதைத்தான் நம்பினேன். மேலுதட்டுக்கு வந்ததும் அவராகவே உதட்டைப் பல்லுக்குள் மடித்துக்கொண்டார். தொண்டைக்கு வந்ததும் எச்சில் விழுங்காமல் மூச்சை நிறுத்தினார். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. சொட்டு ரத்தம் இல்லை. குளிர்ந்த தண்ணீரால் கழுவித் துடைத்துக் கண்ணாடியைக் காட்டினேன்.

தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நான் செஞ்சா இவ்வளவு வராது" என்றார். மறுநாள் காலையில், ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிடச் சொன்னார். மாவுக்கட்டுக்காகக் கைப்பகுதியைப் பிரித்து நாடா வைத்துத் தைத்திருந்தேன். போட்டுக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தே போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். கையால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் வாயால் வியாபாரம் செய்யலாம் அல்லவா.

அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். வெளியே மழை கொட்டும். உள்ளே அவர் நாற்காலியில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். பிளேடு முகத்தில் இருக்கும்போது அவரால் பேச முடியாது. அதனால் நான் பேசினேன். இருபது வருடத்தில் பேசாததெல்லாம் பேசினேன் என்று சொல்லமாட்டேன். தைக்க வந்த துணி, மகளின் போன், பக்கத்து வீட்டுப் பலாமரம், இப்படித்தான். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது கன்னத்தின் தசை அசைவதில் எனக்குத் தெரிந்தது.

தாடைக்கு அடியில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு தழும்பு இருந்தது. கட்டைவிரல் நீளம், அங்கே முடி முளைப்பதில்லை. பிளேடு அந்த இடத்தில் தடுக்கும், சுற்றிப் போக வேண்டும். நாலைந்து சவரம் ஆனபிறகு ஒருநாள் கேட்டேன். "இது எப்ப விழுந்த காயம்?"

அப்போது பிளேடு முகத்தில் இல்லை. துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம், அவருக்கு அது வழக்கம்தான். ஆனால் சொன்னார்.

"பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த அன்னைக்கு. நல்ல மார்க். காலேஜ்ல சேரணும்னேன். அப்பா கடைக்கு வான்னாங்க. வரமாட்டேன்னு கடைவாசல்ல நின்னு சத்தம் போட்டேன். ஆளுங்க முன்னாடி. சட்டையைப் பிடிச்சு உள்ள இழுத்தாங்க. நான் திமிறினேன். கையை விட்டுட்டாங்க. ஷட்டர் ஓரத்துல போய் விழுந்தேன்."

"படிப்பு ஏறல்ல, அதனால கடைக்கு வந்தேன்னுல்லா எல்லார்ட்டயும் சொல்லுவிய?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதே? அப்பாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. வழியெல்லாம் அழுதாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிக் கடைக்குப் போகாம இருக்க முடியும்?"

என் மாமனாரை எனக்குத் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதராகத்தான் நான் பார்த்திருக்கிறேன். மகளை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க இவர் பிடிவாதம் பிடித்தபோது, பெண்பிள்ளையை ஏன் இப்படி என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "அவ எவ்வளவு வேணும்னாலும் படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவார். ஈரத் துண்டோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். படிகாரத்தை எடுத்துக் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்தேன். காயம் ஒன்றும் இருக்கவில்லை. அவரும் தேவையில்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்டில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கைகள் மெலிந்து, தோல் உரிந்து, குழந்தையின் கை மாதிரி இருந்தன. இடது கை சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தது. வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. தோசையைப் பிய்க்கலாம், கையெழுத்துப் போடலாம், ஆனால் மணிக்கட்டை வளைத்துச் செய்கிற வேலை முடியாது. கட்டுப் பிரித்து வந்த முதல் நாளே பிளாஸ்டிக் ரேஸரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவர், நெடுநேரம் கழித்து வெளியே வந்து, "அந்தக் கனமானதைத் தா" என்றார்.

எனக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அழுத்தாதீர்கள், மூடியை முதலில் வையுங்கள், பிடியை இறக்குங்கள், சத்தம் கேளுங்கள். இடது கையால் பிடிக்க வேண்டியிருந்ததால் இடமும் வலமும் எனக்கே குழம்பியது. மேலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "சேட்டனுக்கும் பலூன் வேணோ?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். முதல் நாள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம் கன்னம் இரண்டும் அவரே. ஓணத்துக்கு முன்னால் மேலுதடும் தாடையும் வசமாகிவிட்டன. கழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். அழுத்தம் தேவைப்படாத ரேஸர் என்பதால்தான் பழக்கமில்லாத அந்த இடது கைக்கு அது ஒத்துவந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் காலையில் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குளியலறையில் ரேஸர் மக்கில் தட்டும் சத்தம், பிறகு மழிக்கும் சத்தம், கோணம் தப்பாமல் தொடர்ச்சியாக. கழுத்துக்கு வந்துவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கூப்பிடுவார் என்று துருவலை நிறுத்திக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காப்பி கேட்டார். நன்றாக வந்திருந்தது, சுழி இருந்த இடத்தில்கூட ஒரு முடி மிச்சமில்லை. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மக்கையும் பிரஷையும் என் பக்கம் நகர்த்தினார்.

"கழுத்துக்கு அடியில எனக்குச் சரியா வரமாட்டேங்குது" என்றார்.

வெந்நீர் வைக்க உள்ளே போனேன்.